பிரெஸ்டீஜா, ஹாக்கின்ஸா: கேஸ்கட்டை வைத்து ஒரு அலசல்

தமிழ்நாட்டில் குக்கர் என்றாலே பலருக்கு பிரெஸ்டீஜ்தான். கல்யாணச் சீர்வரிசையில் அது இருக்கும், ஆடித் தள்ளுபடி விளம்பரத்தில் முன்னால் நிற்கும். என் கையும் வெளிமூடி குக்கரிலேயே, அதாவது மூடி பாத்திர விளிம்புக்கு வெளியே மாட்டும் குக்கரிலேயே, பழகிய கைதான். ஆனால் பழைய குக்கரை மாற்ற வேண்டி வந்தபோது நான் வாங்கியது ஹாக்கின்ஸ் ஐந்து லிட்டர் உள்மூடி, மூடி வாய்க்குள் இருந்து மாட்டுவது. அதிலிருந்து உறவினர், அக்கம்பக்கத்தார் எல்லோரும் "ரெண்டுல எது தேவலாம்?" என்று கேட்கிறார்கள். ஒரு கம்பெனியை நிலைக்க வைப்பது அதன் பெயரா, அது கண்டுபிடிக்கும் புதுமையா என்ற கேள்விக்கும் இந்த இரண்டைவிடப் பொருத்தமான ஜோடி கிடைக்காது. எனவே குக்கரையும் கம்பெனியையும் சேர்த்தே அலசுகிறேன். என் சாய்வு ஹாக்கின்ஸ் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்ததை வேகமாகக் கடந்துவிடலாம். ஒரே அளவு, ஒரே உலோகம் என்று எடுத்தால் விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டிலும் அலுமினியம், ஹார்ட் அனோடைஸ்ட், ஸ்டீல் மூன்றும் கிடைக்கின்றன. ஐ.எஸ்.ஐ. முத்திரை இரண்டிலும் உண்டு. 2021 பிப்ரவரி 1 முதல் வீட்டு பிரஷர் குக்கருக்கு ஐ.எஸ். 2347 தரம் கட்டாயம். அது இல்லாத குக்கர்கள் விற்பனையானதற்காக 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமேசானுக்கு அபராதம் போட்டு, விற்ற 2,265 குக்கர்களின் விலையைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. ஆகவே முத்திரை இல்லாத மூன்றாவது பெயரைப் பற்றி இங்கே பேச்சே இல்லை.

இரண்டு பெயர்களுமே இங்கிலாந்திலிருந்து வந்தவை. ஹாக்கின்ஸை 1959-ல் பம்பாயில் எச்.டி. வாசுதேவா தொடங்கினார், எல்.ஜி. ஹாக்கின்ஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் தொழில்நுட்பம், அவர்கள் பெயர். பிரெஸ்டீஜ் கதை சென்னையில் தொடங்குகிறது. பின்னாளில் மத்திய நிதியமைச்சரான டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1928-ல் ஆரம்பித்த ஏஜென்சி வியாபாரத்திலிருந்து கிளைத்து, 1955-ல் தனிக் கம்பெனியாகப் பதிவாகி, பிரிட்டனின் பிரெஸ்டீஜ் குழுமத்தோடு கைகோத்துக் குக்கர் செய்ய வந்தது. ஆக, தொடக்கத்தில் பெயரும் வரைபடமும் இருவருக்குமே இரவல். அந்தப் பெயர்களுக்கு இந்திய அடுக்களையில் மதிப்பு வந்தது பிறகு இவர்கள் செய்த வேலையால்தான். டி.டி.கே. பிரெஸ்டீஜ் 2016-ல் பிரிட்டனின் ஹார்வுட் என்ற பாத்திரக் கம்பெனியையே வாங்குகிற அளவுக்கு வளர்ந்துவிட்டது.

பிரெஸ்டீஜின் புதுமைகளில் ஒன்றை நான் மனசார மதிக்கிறேன். வெளிமூடி குக்கரின் மூடி விளிம்பைத் திருப்பிப் பாருங்கள், நீளவாக்கில் சின்னதாக ஒரு திறப்பு இருக்கும். அதுதான் கேஸ்கட் ரிலீஸ் சிஸ்டம். ஒரு காலத்தில் வடஇந்தியாவில் குக்கர்கள் வெடிப்பதாகப் புகார் வந்தது. அப்போது கம்பெனியை நடத்திய டி.டி. ஜகந்நாதன் விசாரித்தபோது தெரியவந்தது, வீடுகளில் போலி சேஃப்டி பிளக் போட்டிருக்கிறார்கள் என்பது. அசல் பிளக்கின் நடுவில் இருக்கும் உலோகம், குக்கர் அளவு மீறிச் சூடானால் உருகி ஆவிக்கு வழிவிடும். போலியில் உருகாது. வெயிட் குழாயில் பருப்புத் தோல் அடைத்து, பிளக்கும் உருகாவிட்டால் அழுத்தம் போக வேறு வழியே கிடையாது.

"நாங்கள் விற்றது அசல், நீங்கள் போலி வாங்கிப் போட்டால் எங்கள் தப்பில்லை" என்று ஒரு கம்பெனி கைகழுவியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. வாடிக்கையாளர் போலி உதிரி போடத்தான் போகிறார் என்று வைத்துக்கொண்டு, அப்போதும் வெடிக்காத மூடியைச் செய்தார். அழுத்தம் எல்லை மீறினால் ரப்பர் கேஸ்கட்டே அந்தத் திறப்பு வழியாகப் பிதுங்கி வெளியே வந்து ஆவியை விட்டுவிடும். இன்று மற்ற கம்பெனிகளின் வெளிமூடி குக்கர்களிலும் அந்தத் திறப்பைப் பார்க்கலாம். பிரெஸ்டீஜ் என்ற பெயர் நிலைத்து நின்றதற்கு விளம்பரத்தைவிட இதுவே பெரிய காரணம் என்பது என் எண்ணம். விளம்பரம் ஒரு முறை வாங்க வைக்கும். பக்கத்து வீட்டில் குக்கர் வெடித்தது என்ற செய்தி வந்தால் எந்த விளம்பரத்தாலும் அதைத் துடைக்க முடியாது.

இவ்வளவு மதித்தும் ஏன் ஹாக்கின்ஸ் வாங்கினேன்? பராமரிப்புக்காக. அதிலும் குறிப்பாக, கேஸ்கட்டுக்காக.

குக்கரில் அடிக்கடி செலவு வைக்கிற பாகம் இந்த ரப்பர் வளையம்தான். உடல் பத்து இருபது வருடம் உழைக்கும், கேஸ்கட் உழைக்காது. எங்கள் வீட்டில் முன்பு இருந்தது வேறொரு கம்பெனியின் வெளிமூடி குக்கர், பெயர் வேண்டாம். மாடல் நின்றுபோனதும் அதற்கான கேஸ்கட்டும் அருகிவிட்டது. பாத்திரக்கடையில் மூடியைக் கொடுத்தால் கடைக்காரர் கொக்கியில் தொங்கும் வளையங்களை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே அழுத்திப் பார்ப்பார். கடைசியில் ஒன்றைக் கையில் கொடுத்து, "இது ஓரளவு உக்காரும் சார், எடுத்துட்டுப் போங்க" என்பார். ஓரளவு உட்காரும் கேஸ்கட் போட்டால் கைப்பிடிப் பக்கம் ஆவி சீறும், விளிம்பில் தண்ணீர் சொட்டும், விசில் வராது. விசில் வரட்டும் என்று காத்திருந்தால் தண்ணீர் வற்றிப் பருப்பு அடிப்பிடிக்கும். நல்ல பாத்திரம், நல்ல கைப்பிடி, ஆனால் ஒரு ரப்பருக்காகப் பழைய இரும்புக்காரரிடம் போகிற நிலை.

ஹாக்கின்ஸில் எனக்குப் பிடித்தது இங்கேதான் இருக்கிறது. அதன் வழக்கமான அலுமினிய குக்கர்களில் 2 முதல் 4 லிட்டர் வரை ஏ10-09 என்ற கேஸ்கட். 3.5 முதல் 8 லிட்டர் வரை பி10-09. அவ்வளவுதான். ஹாக்கின்ஸின் இன்னொரு வரிசையான ஃப்யூச்சுரா வகைக்கு வேறு எண் உண்டு. ஆனால் சாதாரண வீட்டில் இருக்கிற சாதாரண ஹாக்கின்ஸுக்கு இந்த இரண்டில் ஒன்று பொருந்தும். மூடியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போக வேண்டாம். எண்ணைச் சொன்னால் போதும். கடைக்காரருக்கும் நிம்மதி, பத்து வகை அடுக்கி வைக்கத் தேவையில்லை. சரக்கு தீராமல் இருப்பதற்கும் அதுவே காரணம்.

மாடல்கள் பெருகப் பெருக உதிரிகளும் பெருகும். விற்பனைப் பிரிவுக்குப் புது மாடல் வேண்டும்: கலர் மூடி, சட்டி வடிவம், பளபளப்பு, எக்ஸ்சேஞ்ச் சலுகைக்கு ஒரு புதுப் பெயர். வாங்குகிறவருக்கும் அது பிடிக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஐந்து வருடம் கழித்து அந்த மாடலுக்குக் கேஸ்கட் தேடுகிறவரும் அதே வாடிக்கையாளர்தான். மாற்றாமல் வைத்திருப்பதையும் புதுமையின் கணக்கில்தான் நான் சேர்க்கிறேன். புதிதாக ஒன்றைச் செய்யும்போதே பழைய பாகம் இதில் பொருந்துமா என்று யோசிக்கிற வடிவமைப்பாளருக்குக் கட்டுப்பாடு அதிகம், பாராட்டு குறைவு.

உள்மூடியின் அமைப்பும் கேஸ்கட்டுக்குச் சாதகம். மூடியைச் சாய்த்து உள்ளே விட்டு, நிமிர்த்தி, கைப்பிடியில் மாட்டுகிறோம். ஆவி ஏற ஏற அது மூடியை அடியிலிருந்து மேலே தள்ளி வாய் விளிம்போடு இறுக்குகிறது. அழுத்தம்தான் பூட்டு. உள்ளே ஆவி இருக்கும்வரை மூடியை இறக்க முடியாது. அவசரத்தில் பிடித்து இழுத்தாலும் வராது. வீட்டில் வயதானவர்களோ சமையல் பழகும் பிள்ளைகளோ இருந்தால் இது பெரிய நிம்மதி. வெளிமூடியில் கேஸ்கட் மூடியின் குழிக்குள் உட்கார்ந்து, திருகும்போதெல்லாம் பாத்திர விளிம்போடு உரசுகிறது. உள்மூடியில் அந்த உரசல் இல்லை. என் கேஸ்கட் இதுவரை தளரவில்லை, ஆனால் குக்கர் புதிது என்பதால் இதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொரு விஷயம், நம் வீடுகளில் அதிகம் பேசப்படாதது. நாம் விசில் எண்ணிச் சமைக்கிறோம்: சாதத்துக்கு மூணு, பருப்புக்கு அஞ்சு. ஹாக்கின்ஸோடு வரும் கையேட்டில் விசில் கணக்கே கிடையாது. முழு அழுத்தம் வந்ததும் தீயைக் குறைத்து இத்தனை நிமிடம் என்றுதான் ஒவ்வொன்றுக்கும் போட்டிருக்கிறார்கள். குக்கருக்குள் தண்ணீர் ஏறத்தாழ 120 டிகிரியில் கொதிக்கிறது. அந்தச் சூடு வந்த பிறகு தீயைக் கூட்டினால் ஆவிதான் வீணாகப் போகும், பருப்பு சீக்கிரம் வேகாது. இப்படிச் சமைக்க ஆரம்பித்த பிறகு எங்கள் வீட்டில் வெயிட் குழாய் வழியாகக் கஞ்சி பீய்ச்சுவது மிகவும் குறைந்துவிட்டது. பிரெஸ்டீஜிலும் இப்படிச் சமைக்கலாம், தடையில்லை. ஆனால் பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பதும் ஒரு பெயரை வளர்க்கும் வழிதான். அந்தக் கையேட்டைப் படித்தபோது என் பணத்துக்கு மரியாதை கிடைத்ததாக உணர்ந்தேன்.

கம்பெனி கணக்குக்கு வருவோம். பிரெஸ்டீஜ் 2000-களில் எடுத்த முடிவு துணிச்சலானது. தெற்கில் வெளிமூடி, வடக்கில் உள்மூடி என்று சந்தை பிரிந்து கிடந்தபோது அவர்களும் உள்மூடிக்குள் இறங்கினார்கள். குக்கரை மட்டும் நம்பாமல் கேஸ் அடுப்பு, மிக்ஸி, இண்டக்‌ஷன் அடுப்பு என்று அடுக்களை முழுக்கப் பெயரை விரித்தார்கள், சொந்தக் கடைகளும் திறந்தார்கள். குக்கரில் சம்பாதித்த நம்பிக்கையை மிக்ஸிக்கும் கொண்டுபோனார்கள். ஹாக்கின்ஸ் அந்த வழியில் போகவில்லை. அதன் வியாபாரம் பெரும்பாலும் குக்கரும் சமையல் பாத்திரமும்தான்.

பலன்? 2023-24-ல் டி.டி.கே. பிரெஸ்டீஜின் விற்பனை 2,600 கோடி ரூபாய்க்கு மேல். ஹாக்கின்ஸ் ஆயிரம் கோடியைத் தாண்டியதே 2022-23-ல்தான். அளவில் போட்டியே இல்லை. ஆனால் 2023-24-ல் நூறு ரூபாய் விற்பனைக்கு ஹாக்கின்ஸுக்கு நின்ற நிகர லாபம் பத்து ரூபாய்க்குச் சற்று மேல், பிரெஸ்டீஜுக்கு எட்டு ரூபாய்ச் சொச்சம். ஒரு பெயரை எல்லாவற்றிலும் ஒட்டி வளர்வதும் வெற்றிதான். ஒன்றையே பிடித்துக்கொண்டு அதைக் கெடுக்காமல் வைத்திருப்பதும் வெற்றிதான். நான் முதலீட்டாளர் அல்ல, சமைக்கிறவன். எனக்கு இரண்டாவது வழியில் போன ஹாக்கின்ஸ்தான் அதிகம் உதவுகிறது.

இனி ஹாக்கின்ஸின் குறைகள். நம் சமையலுக்கு உள்மூடியின் குறுகிய வாய் நிஜமான சிரமம். கீழே பருப்பு, மேலே சாதம், அதற்கும் மேலே உருளைக்கிழங்கு என்று அடுக்கு வைக்கிறவர்களுக்கு வெளிமூடிதான் வசதி. என் வீட்டு அடுக்குப் பாத்திரங்கள் புதுக் குக்கரின் வாய்க்குள் போகவில்லை. சின்ன விட்டத்தில் வேறு வாங்க வேண்டியிருந்தது. இட்லித் தட்டையும் குக்கரிலேயே வைக்கிறவர்கள் அகல வாய் பிரெஸ்டீஜைத்தான் பார்க்க வேண்டும். மூடியைச் சாய்த்து நுழைப்பதும் முதலில் கைக்கு வராது, என் மாமியார் இன்னமும் "இதை யாருப்பா மாட்டறது" என்று என்னைத்தான் கூப்பிடுகிறார். பொங்கி வழிவது உங்கள் பெரிய தலைவலி என்றால் பிரெஸ்டீஜின் ஸ்வச் மாடலையும் பாருங்கள். மூடி குழிவாக இருப்பதால் வழிவது மூடியிலேயே தங்கும், அடுப்பு தப்பிக்கும். பயனுள்ள புதுமை.

ஸ்டீல் குக்கரை நான் நீண்ட நாள் பயன்படுத்தியதில்லை. இண்டக்‌ஷனிலும் அனுபவம் குறைவு, எங்கள் வீட்டில் கேஸ்தான். இந்த இரண்டில் எதற்காவது வாங்குகிறீர்கள் என்றால் என் சாய்வைப் பின்பற்ற வேண்டாம். வைத்திருப்பவர் யாரையாவது கேளுங்கள். பத்துப் பேர் சாப்பிடும் வீட்டுக்கும் என் அனுபவம் பொருந்தாது.

ஹாக்கின்ஸ் வாங்குகிறவர்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கள். உள்மூடியில் கேஸ்கட் பிதுங்கி வெளியே வரும் அந்தத் திறப்பு கிடையாது. வெயிட் குழாய் அடைத்தால் அடுத்த காவல் சேஃப்டி வால்வ்தான். எனவே கேஸ்கட், வால்வ் இரண்டையும் கம்பெனி பாக்கெட்டில் எண் போட்டதாகப் பார்த்தே வாங்குங்கள், உதிரியாகக் கொக்கியில் தொங்குவதைத் தொடாதீர்கள். ஒவ்வொரு முறை கழுவும்போதும் குழாயை வெளிச்சத்தில் பிடித்து மறுபக்கம் தெரிகிறதா என்று பாருங்கள். துவரம்பருப்புத் தோல் ஒன்று போதும் அதை அடைக்க.