ஓடும் கடிகாரத்தைக் காட்டி நிக்ஸி டியூப் விற்கிறார்கள், வேலூர்க்காரர்கள் உஷார்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்தில் பழைய நிக்ஸி டியூப் தேடிக்கொண்டிருப்பவர்கள், பணத்தைக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். “பயன்படுத்தாத ரஷ்ய சரக்கு, பெட்டியோடு இருக்கு” என்று சொல்லி எனக்கு 6 டியூப் 15,000 ரூபாய்க்கு விற்கப்பட்டது. அதில் ஒன்றுதான் உருப்படி. கூடவே 1,200 ரூபாய்க்குத் தள்ளிவிட்ட பவர் சப்ளை போர்டு, தொட்ட ஆளைச் சாய்த்துவிடக்கூடிய வில்லங்கம். விற்றவரின் பெயரை இங்கே போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு பக்கம் நடக்கட்டும். அவர் செய்த வித்தையை யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்பதால் அதை மட்டும் விவரமாகச் சொல்கிறேன்.

இந்தப் பக்கம் புதிதாக வருபவர்களுக்கு இரண்டு வார்த்தை. எலக்ட்ரீஷியன் சட்டைப் பையில் வைத்திருக்கும் டெஸ்டருக்குள் ஆரஞ்சு நிறத்தில் எரிகிறதே ஒரு சின்ன நியான் பல்பு, நிக்ஸியும் அதே இனம்தான். கண்ணாடிக் குடுவைக்குள் 0 முதல் 9 வரை பத்து எண்களும் மெல்லிய உலோகத்தில் வெட்டி, ஒன்றன் பின் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். சுற்றிலும் நியான் வாயு. எந்த எண்ணுக்கு மின்சாரம் போகிறதோ அந்த எண்ணைச் சுற்றியுள்ள வாயு ஒளிரும். சூடாகிற இழை எதுவும் கிடையாது. 1955இல் அமெரிக்காவின் பரோஸ் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. எல்இடி வந்த பிறகு மேற்கே கைவிட்டுவிட்டார்கள், சோவியத் ஆலைகள் மட்டும் அப்புறமும் நெடுநாள் தயாரித்தன. அதனால்தான் இன்று நம் கைக்கு எட்டுவதெல்லாம் ஐஎன்-12, ஐஎன்-14, ஐஎன்-18 என்று ரஷ்யப் பெயரிலேயே இருக்கிறது. நான் வாங்கியது ஐஎன்-14. எண்ணின் உயரம் 18 மில்லிமீட்டர், அடியில் 13 கம்பிக் கால்கள். இதில் 5 என்பது 2ஐயே தலைகீழாகப் போட்டது, அதைப் பார்த்து யாரும் போலி என்று பயப்பட வேண்டாம். ஐஎன்-14 என்றால் அப்படித்தான்.

முன்பெல்லாம் உக்ரைனில் இருக்கும் விற்பனையாளர்களிடமிருந்து தபாலில் வரவழைப்போம். 2022இல் போர் தொடங்கிய பிறகு அது இழுபறியாகிவிட்டது, கஸ்டம்ஸ் வரி வேறு. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டால் பாதிப் பேருக்கு என்ன கேட்கிறோம் என்றே புரியாது. கடிகாரம் ஒன்று கட்ட, எண்களை எரியவைக்கும் கே155ஐடி1 டிரைவர் ஐசிக்கள் என்னிடம் இருந்தன. நேரம் காக்க டிஎஸ்3231 சிப்பும் இருந்தது. 40 டிகிரி வரை பத்து லட்சத்தில் இரண்டு பங்குக்கு மேல் அது பிசகாது. நம்ம ஊர் மே மாதத்தில் 40ஐத் தாண்டிவிடும், இருந்தாலும் பரவாயில்லை ரகம். டியூப்தான் பாக்கி. அப்போதுதான் இந்த ஆள், ராணிப்பேட்டை சிப்காட்டில் மூடிப்போன ஒரு கம்பெனியின் கருவி அறையிலிருந்து எடுத்தது என்று ஒரு கதையோடு வந்தார்.

கதை நம்பும்படியாகத்தான் இருந்தது. அந்தப் பக்கம் மூடிய ஆலைகளுக்குப் பஞ்சமில்லை, காயலான் கடைகளுக்கும் பஞ்சமில்லை. பழைய மீட்டர், எண்ணிக்கை காட்டும் கவுன்ட்டர் எல்லாம் எடைக்கு வந்து விழுவதை நானே பார்த்திருக்கிறேன்.

வரச் சொன்னார், போனேன். மேசை மேல் பித்தளை அடித்தட்டு வைத்த ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. 19:42, பக்கத்தில் வினாடி. சாக்கெட்டில் செருகிய ஆறு டியூப். அறை விளக்கை அணைத்துவிட்டுக் காட்டினார். உண்மையைச் சொல்ல வேண்டும், அழகாகத்தான் இருந்தது. “இதுலேர்ந்தே கழட்டித் தர்றேன் சார், நீங்க பாத்ததே உங்களுக்கு. சும்மா காட்டறதுக்காகச் செருகினது, மத்தபடி புதுசு” என்றார். ஒவ்வொரு டியூபிலும் 0 முதல் 9 வரை தனித்தனியாக எரியவைத்துக் காட்டுங்கள் என்று கேட்டேன். “கடியாரத்துல எல்லா நம்பரும்தான் வருது, ஒரு நிமிஷம் நின்னு பாருங்க. இன்னா சார், நம்ம ஊர்லயே இருந்துகினு சந்தேகப்படறீங்க” என்றார்.

வித்தை இங்கேதான் இருக்கிறது. ஒரு நிமிடம் நின்று பார்த்தால் கண் எங்கே போகும்? கடைசி டியூபுக்குப் போகும். வினாடியின் ஒன்றாம் இடம் அது. 0 முதல் 9 வரை மாறி மாறி ஓடும், பார்க்கப் பார்க்க அலுக்காது. எல்லா டியூபும் அப்படியே என்று மனம் முடிவு கட்டிவிடும். ஆனால் மற்ற ஐந்தையும் கணக்குப் பாருங்கள். மணியின் பத்தாம் இடத்தில் ஒரு நாள் முழுக்க 0, 1, 2 தவிர வேறு எதுவும் வராது. நிமிடத்தின் பத்தாம் இடத்திலும் வினாடியின் பத்தாம் இடத்திலும் 5க்கு மேல் வரவே வராது. மணியின் ஒன்றாம் இடத்தில் பத்து எண்ணையும் பார்க்க வேண்டுமானால் அங்கேயே பாய் போட்டுப் படுக்க வேண்டும். நான் நின்ற நேரத்தில் முதல் டியூபில் 1, இரண்டாவதில் 9, மூன்றாவதில் 4, இவ்வளவுதான் எரிந்தன. அதாவது ஓடுகிற கடிகாரம் ஒரு நிமிடத்தில் முழுசாக நிரூபிப்பது ஒரே ஒரு டியூபைத்தான். 6, 7, 8, 9 செத்துப்போன டியூபைப் பத்தாம் இடத்தில் செருகிவிட்டால், வருடக்கணக்கில் ஓடினாலும் வெளியே தெரியாது.

வீட்டில் என்னுடைய சோதனை போர்டில் ஒவ்வொன்றாக மாட்டினேன். 180 வோல்ட் டிசி, தொடரில் 18 கிலோ ஓம் ரெசிஸ்டர். டியூப் எரியும்போது அதில் சுமார் 140 வோல்ட் நிற்கும், மீதி ரெசிஸ்டரில். ஆக 2 மில்லி ஆம்பியருக்குச் சற்று மேல் ஓடும். ஐஎன்-14க்கு 2.5தான் கணக்கு என்பதால் இது நியாயமான சோதனை. இதைச் சொல்லக் காரணம், கரண்ட் ரொம்பக் குறைந்தால் நல்ல டியூபிலும் எண் அரைகுறையாகத்தான் எரியும். விற்றவர் அதைச் சாக்காகச் சொல்லுவார், சொல்லவும் செய்தார்.

முதல் இடத்தில் இருந்த டியூபில் 0, 1, 2 மூன்றும் பளிச். 3இல் மேல் வளைவு மட்டும். 7இல் குறுக்குக் கோடு எரிந்தது, சாய்ந்த கால் இருட்டு. 8இல் நடுவில் திட்டாக ஒரு வெளிச்சம், அவ்வளவே. மூன்றாம், ஐந்தாம் இடத்து டியூப்களில் 0 முதல் 5 வரை குறையே இல்லை, 6இலிருந்து 9 வரை அதே திட்டுத் திட்டு. இதற்குக் காரணம் கேத்தோடு நஞ்சேறுதல் என்பார்கள். எண் வடிவில் வெட்டிய உலோகம்தான் கேத்தோடு. எரிகிற எண்ணிலிருந்து உலோகத் துகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தெறித்து, எரியாமல் சும்மா இருக்கும் எண்களின் மேல் படியும். படிந்த இடம் அப்புறம் ஒளிராது. எந்த எண் நெடுநாள் சும்மா கிடந்ததோ அதுதான் கெடும். அப்படியென்றால் கெட்டுப்போன எண்களே டியூபின் பழைய வேலையைச் சொல்லிவிடுகின்றன. ஆலையில் கவுன்ட்டராக இருந்திருந்தால் தேய்மானம் வேறு மாதிரி இருக்கும். 0, 1, 2 மட்டும் நல்லா இருந்து மற்றது போயிருக்கிறது, இன்னும் இரண்டில் 5 வரை மட்டும் நல்லா இருக்கிறது என்றால், அந்த மூன்றும் எங்கோ கடிகாரத்திலேயே வருடக்கணக்கில் அதே இடங்களில் எரிந்தவை. சிப்காட் கருவி அறையாவது, புதுசாவது.

நான்காவது டியூபில் பத்து எண்ணும் எரிந்தன, ஆனால் கண்ணாடியின் உட்புறம் முன்பக்கம் புகை பிடித்தாற்போலக் கறுத்திருந்தது. பகலில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். விளக்கை அணைத்துக் காட்டிய காரணம் அப்போதுதான் விளங்கியது.

இரண்டாவது டியூப்தான் மோசம். கால்களில் பச்சை ஸ்லீவ் மாட்டியிருந்தார், நேர்த்தியாகவே இருந்தது. ஒன்றை நகத்தால் கீழே தள்ளினேன், கண்ணாடியை ஒட்டினாற்போல ஒரு சால்டர் உருண்டை. எங்கிருந்தோ வெட்டி எடுத்த குட்டைக் கால்களுக்கு வேறு கம்பி வைத்து நீட்டியிருக்கிறார், 13 காலிலும். கம்பி கண்ணாடிக்குள் நுழையும் இடத்துக்கு அவ்வளவு கிட்டத்தில் சூடு வைத்தாலோ வளைத்தாலோ அங்கே மயிரிழை விரிசல் விழும், காற்று மெல்ல உள்ளே போகும். கொஞ்ச நாளிலேயே எண் தெரியாமல் உள்ளே வெளிறிய ஊதா மூட்டம் மட்டும் தெரிந்தது. இப்போது எரிவதே இல்லை. எண்ணைச் சுற்றி லேசான நீலச் சாயல் தெரிந்தால் அது வேறு. பல டியூப்களில் ஆயுளைக் கூட்டத் துளி பாதரசம் சேர்த்திருப்பார்கள், நீலம் அதனுடையது, குறையில்லை. ஆரஞ்சு வடிவமே மங்கி ஊதாவோ இளஞ்சிவப்போ பரவினால் காற்று புகுந்துவிட்டது என்று அர்த்தம். பாதரசம் இருப்பதால் உடைந்த டியூபை வீட்டுக்குள் பிள்ளைகள் கையில் படும்படி போடாதீர்கள்.

மிச்சமிருந்தது வினாடியின் ஒன்றாம் இடத்து டியூப். வெட்டாத நீளக் கால், தெளிந்த கண்ணாடி, பத்து எண்ணும் முழுசு. எல்லார் கண்ணும் போகும் இடத்தில் நல்லதை வைத்திருக்கிறார். தொழில் தெரிந்தவர்தான்.

போன் செய்தேன். “ஓட ஓட சரியாயிடும் சார், கொஞ்ச நாள் ஓட விடுங்க” என்றார். இது பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து. நஞ்சேறிய எண்ணுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் கரண்ட் கொடுத்து மணிக்கணக்கில் எரியவிட்டால் படிந்தது உதிர்ந்து மீண்டும் ஒளிரும். நானும் செய்து பார்த்தேன், 6உம் 9உம் ஓரளவு மீண்டன, முதல் டியூபின் 7, 8 மசியவில்லை. கறுத்த கண்ணாடிக்கும் காற்று புகுந்ததற்கும் அப்படி வைத்தியமே கிடையாது. அதைச் சொன்னதும் “நீங்க மாட்டும்போது ஒடச்சிருப்பீங்க” என்று பேச்சை மாற்றினார். ஸ்லீவுக்கு அடியில் இருக்கும் சால்டரும் நான் வைத்ததா என்று கேட்டேன். அதற்கப்புறம் போன் எடுப்பதில்லை.

பவர் சப்ளைக்கு வருகிறேன், பணத்தை விட இதுதான் எனக்குக் கோபம். “நேரா பிளக்ல சொருகிடலாம், அடாப்டர் செலவு மிச்சம்” என்று கொடுத்தது, மேலே கறுப்பு ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினால் சுருங்கிக்கொள்ளும் பிளாஸ்டிக் உறை) சுற்றிய ஒரு கட்டி. செருகுவதற்கு முன் கத்தியால் கீறிப் பிரித்தேன். உள்ளே ஒரு டயோடு, ஒரு 400 வோல்ட் கெப்பாசிட்டர், இரண்டு ரெசிஸ்டர். டிரான்ஸ்ஃபார்மர் என்று எதுவுமே இல்லை. வீட்டு 230 வோல்ட் ஏசியை அப்படியே டயோடில் விட்டால் கெப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை ஏறி நிற்கும். அதுகூட இரண்டாம் பட்சம். லைனுக்கும் கடிகாரத்துக்கும் நடுவில் தடுப்பே கிடையாது. நம் வீடுகளில் பிளக் பாயிண்ட்டில் லைனும் நியூட்ரலும் இடம் மாறிக் கிடப்பது புதுசா என்ன. அப்படி மாறினால், சர்க்யூட்டைத் தொட்டிருக்கும் உலோக அடித்தட்டே கரண்ட். நேரம் சரிசெய்ய ஒரு பொத்தானைத் தொடுகிற பிள்ளையின் கதி என்ன ஆகும்? 12 வோல்ட் அடாப்டரில் ஓடி 170, 180 வோல்ட் தரும் சின்ன பூஸ்ட் போர்டைத்தான் வாங்க வேண்டும். எம்சி34063 ஐசி வைத்து நாமே கட்டலாம், பெரிய கம்ப சூத்திரம் இல்லை. அதிலும் 170 வோல்ட் கடிக்கும், அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் தங்கியிருக்கும். ஆனால் வீட்டு லைனோடு நேர்த் தொடர்பு இருக்காது.

வாங்கப் போகிறவர்கள் ஓடும் கடிகாரத்தை ரசித்துவிட்டு, கழற்றித் தனியாக ஒவ்வொரு எண்ணாக எரியவிடச் சொல்லுங்கள். சில கடிகாரங்களில் மணிக்கு ஒருமுறை எல்லா எண்ணும் சரசரவென்று உருளும். நஞ்சேறாமல் இருக்கச் செய்யும் ஏற்பாடு அது. அதைக் காட்டி “பாத்தீங்களா” என்பார்கள், அந்த வேகத்தில் எதுவும் தெரியாது. ஒவ்வொரு எண்ணும் நின்று எரிய வேண்டும், அதுவும் வெளிச்சத்தில். ஸ்லீவ் இருந்தால் தள்ளிப் பாருங்கள். பெட்டியை நம்பாதீர்கள். காலிப் பெட்டி எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும், எனக்கு வந்த பெட்டியில் அச்சிட்ட வருடமும் டியூப்களில் இருந்த வருடமும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை.

பில் தரமாட்டேன் என்றால் “ஐஎன்-14, 6, பயன்படுத்தாதது” என்று வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். நான் வாங்கி வைத்திருந்தேன், பணமும் யுபிஐயில் போனது, இப்போது அந்த இரண்டும்தான் கைகொடுக்கின்றன. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது, 2 ஆண்டுக்குள் போட வேண்டும், வக்கீல் இல்லாமலும் போடலாம்.

போன வாரம் குடியாத்தம் நண்பர் ஒருவர் ஒரு வீடியோ அனுப்பி, வாங்கலாமா என்று கேட்டார். அதே பித்தளை அடித்தட்டு, அடித்தட்டின் இடது மூலையில் அதே கீறல், வேறு ஆறு டியூப். இரண்டாவது டியூபின் கால்களில் பச்சை ஸ்லீவ். வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உங்களுக்கும் இந்தக் கடிகாரத்தைக் காட்டினால் அது எங்கே, யார் மூலமாக வந்தது என்று எனக்குத் தெரிவியுங்கள், மனுவோடு சேர்த்துக்கொள்கிறேன்.