சிங்கப்பூர் – பாரோ: பல வருடமாக ட்ரூக் ஏரில் பறப்பவனின் அனுபவம்

பூட்டானின் ட்ரூக் ஏர் 2012இல் சிங்கப்பூருக்குப் பறக்கத் தொடங்கியது. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் மலைப் பைத்தியம் என்பதால், அதிலிருந்து சில வருடங்களுக்குள் நாங்களும் இதன் வாடிக்கையாளர்கள் ஆகிவிட்டோம். விமானத்துக்குள்ளே சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. சாதாரண ஏர்பஸ், பரவாயில்லாத சாப்பாடு, பொறுமையான பணிப்பெண்கள். இதன் வினோதங்கள் எல்லாமே பூட்டானின் விமான நிலையம் இருக்கும் பாரோ பள்ளத்தாக்கிலிருந்து வருபவை.

1981இல் தொடங்கிய நிறுவனம் இது. 1983 பிப்ரவரியில் 18 பேர் உட்காரும் டார்னியர் விமானம் பாரோவிலிருந்து கல்கத்தாவுக்குப் பறந்ததுதான் முதல் சேவை. அதற்கு முன் வெளிநாட்டுக்காரர்கள் வங்காளச் சமவெளியில் இறங்கி, மலைச்சாலையில் வளைந்து வளைந்து ஏற வேண்டியதுதான். 1988இல் பிஏஇ 146 ஜெட் வந்தது. அவ்வளவு சின்ன விமானத்துக்கு நான்கு என்ஜினா என்று தோன்றும். பாரோ சுமார் 2,235 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சுற்றிலும் அதைவிட மிக உயர்ந்த மலைகள். காற்று மெலிந்த அந்த உயரத்தில் ஒரு என்ஜின் நின்றாலும் மலையைத் தாண்டி ஏறியாக வேண்டும். 2004இல் ஏர்பஸ் ஏ319 வாங்கியபோதும் இதே கணக்குதான்: உடம்பு சிறியது, உந்துவிசை அதிகம்.

பயணிக்கு இதனால் என்ன? பாரோவில் பகல் வெளிச்சத்தில், கண்ணால் மலையைப் பார்த்துத்தான் இறங்குவார்கள். அதனால் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து அதிகாலையிலேயே கிளம்பிவிடும். அந்த நேரத்துக்கு எம்ஆர்டி ரயிலை நம்ப முடியாது, டாக்சிதான். வழியில் இந்தியாவில் ஓரிடத்தில் நின்று போகும். நாம் இருக்கையிலேயே இருக்கலாம். பாரோவிலிருந்து புறப்படும்போது எடைக்குக் கட்டுப்பாடு உண்டு, எனவே நெசவுத் துணிகளை மூட்டை கட்டுவதற்கு முன் யோசியுங்கள்.

இறங்கும் கடைசி நிமிடங்கள் எனக்கு இன்னும் பழகவில்லை. இறக்கை நுனிக்கு நேராக யாரோ ஒருவர் வீட்டுக் கூரையில் மிளகாய் காய்வது தெரியும். விமானம் கடைசித் திருப்பம் திரும்பிய பிறகுதான் ஓடுபாதையே கண்ணில் படும். என் மாமியார் அப்போது கந்தசஷ்டி கவசத்தைச் சத்தமாகவே சொல்வார்.

மேகம் இறங்கினால் சேவை தள்ளிப்போகும், யாரையும் நோக முடியாது. திரும்பிய மறுநாளே வேலைக்குப் போவது போலத் திட்டமிடாதீர்கள். நம் ஜூன் பள்ளி விடுமுறை அங்கே மழைக்காலம். டிசம்பரில் குளிர் கடிக்கும், ஆனால் வானம் துடைத்தாற்போல் இருக்கும். என்னைக் கேட்டால் டிசம்பர்தான்.

அப்புறம், பனிமலைகளைப் பார்க்க எந்தப் பக்கம் உட்காருவது? "இடப்பக்கம்" என்று எல்லாரும் சொல்வது காத்மாண்டு, டெல்லி வழியாக வருபவர்களுக்குச் சரி. குவஹாத்தி வழியாகப் போனால் விமானம் வடமேற்காகப் பறக்கும், பனிமலைகள் வலப்பக்கம். திரும்பும்போது இடப்பக்கம் கேளுங்கள்.