இரண்டாம் செமஸ்டர் வேதியியல்: பழைய புத்தகமா, கைப்பேசியா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருக்கும் தங்கச்சி கேட்டது: பழைய பாடப் புத்தகம் வாங்கவா, கைப்பேசியிலேயே படிக்கவா?

காசு: ஓப்பன்ஸ்டாக்ஸ் என்ற இணையதளத்தின் பாடநூல் இலவசம், கைப்பேசியில் இறக்கி வைத்தால் லைன் இல்லாத இடத்திலும் படிக்கலாம். பழைய புத்தகம் வேண்டுமென்றால் சீனியரிடம் பேரம்தான்.

நீடித்து உழைப்பது: புத்தகத்துக்கு மழை எதிரி, கைப்பேசிக்கு சார்ஜ் தீர்வது.

வசதி: இங்கேதான் விஷயமே. ரப்பர் பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலத்தையே எடுங்கள். 0.10 மோலார் செறிவுள்ள கரைசல், பிகேஏ (அமிலத்தின் வலிமையைக் காட்டும் எண்) 3.75 என்றால், பிஎச் (கரைசலின் அமிலத்தன்மை அளவு) சுமார் 2.4 வரும். இந்தக் கணக்கைப் போட ஒரு விரல் பிகேஏ அட்டவணையில், இன்னொன்று சமன்பாட்டில் இருக்க வேண்டும். திரையை மேலும் கீழும் தள்ளுவதற்குள் எனக்குக் கணக்கே மறந்துவிடும்.

சமநிலை, தாங்கல் கரைசல், மின்வேதியியல் கணக்குகளுக்குப் புத்தகம். பஸ்ஸில் ஒரு வரையறையைப் பார்க்கக் கைப்பேசி போதும்.