நந்தி மலை ஒயினா, காட்பாடிப் பதநீரா?

வேலூரிலிருந்து கர்நாடகத்தின் நந்தி மலைப் பக்கம், ஒரு குடும்பமே நடத்தும் சின்ன ஒயின் ஆலைக்குப் போக முன்பதிவு, சுமார் 200 கிலோமீட்டர் பயணம், குடிக்காமல் வண்டி ஓட்ட ஓர் ஆள், மூன்றும் வேண்டும். அங்கே சுவை பார்க்க முதலில் வெள்ளை ஒயின், பிறகு சிவப்பு. ஒவ்வொன்றிலும் இரண்டு மடக்குதான். சிவப்பின் துவர்ப்பு, நாவற்பழம் தின்ற மாதிரி நாக்கைப் பிடிக்கும். துப்பவும் பாத்திரம் உண்டு!

பதநீருக்குக் கோடை விடியலில் காட்பாடிப் பக்கத் தோப்பில் நின்றால் போதும். பானைக்குள் பூசிய சுண்ணாம்புதான் புளிக்காமல் காக்கிறது. அது இல்லாவிட்டால் கள். தமிழ்நாட்டில் அதற்கு 1987 முதல் தடை. ஓலைப் பட்டையில் ஊற்றிக் குடித்தால் பச்சை ஓலை வாசமும் சேர்ந்து இறங்கும். அம்மாவையும் கூட்டிப் போவதென்றால் எனக்குத் தோப்புதான்.

பேச்சில் மட்டும் ஆலைக்காரர் மேல். பீப்பாயைத் தட்டித் தட்டி ஒரு மணி நேரம் கதை சொல்வார். பனையேறி அதற்குள் அடுத்த மரத்தில் இருப்பார்.