அம்மாவின் வால்வும் என் மூன்று வார விடுப்பும்

மூன்று வார விடுப்பில் ஊருக்குப் போனபோதுதான் பார்த்தேன், அம்மா மூன்று தலையணையை அடுக்கி, பாதி உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். போனில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்கு வருடத்துக்கு முன் வந்த மாரடைப்புக்குப் பிறகு இதயம் விரிந்துபோய், இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மிட்ரல் வால்வின் இதழ்கள் சேர்ந்து மூடாமல் ரத்தம் பின்னோக்கிக் கசிவது எக்கோ என்ற இதய ஸ்கேனில் தெரிந்தது.

முதலில் போன மருத்துவமனையில் அறிக்கையைப் புரட்டிவிட்டு, இதழ்களைச் சேர்த்துப் பிடிக்கும் சிறு கவ்வியைச் சொல்லி, "இந்த வாரமே கிளிப் போட்டுவிடலாம்" என்றார்கள். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. விமானம் ஏறுவதற்குள் முடிந்துவிடும். ஆனால் எந்த வகைக் கசிவு, மருந்தில் குறையுமா என்று யாரும் பேசவில்லை. அது மனதை உறுத்தியது.

இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் தாளில் படம் போட்டே விளக்கினார். இதழே பழுதானால் ஒரு வழி, இதயத் தசை விரிந்ததால் கசிந்தால் வேறு வழி. இரண்டாவது வகைக்கு முதலில் மருந்துகளை முழு அளவுக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்குப் பிறகும் கசிவும் மூச்சிரைப்பும் நீடித்தால்தான் கிளிப். 2018-இல் வந்த இரண்டு ஆய்வுகளைச் சொன்னார். பிரான்ஸில் 304 பேரிடம் நடந்ததில் கிளிப்பால் பலன் தெரியவில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் 614 பேரிடம் நடந்ததில் இறப்பும் மறுபடி மருத்துவமனையில் சேர்வதும் நன்றாகக் குறைந்தன. மருந்து முழுதாகக் கொடுத்தும் தேறாதவர்களாகப் பார்த்து எடுத்தது அதற்கு ஒரு காரணமாம்.

சரி என்று நான் திரும்பிவிட்டேன். அண்ணன் மருந்தைக் கவனித்துக்கொண்டார். மூன்று மாதம் கழித்தும் கசிவு குறையாததால் மறுபடி வந்தேன்.

தொண்டை வழியாக எக்கோ எடுத்து இதழ்களை அளந்தார்கள். அப்புறம் மயக்க மருந்து. தொடையிடுக்குச் சிரை வழியாகக் குழாயை இதயத்துக்குள் கொண்டுபோய், மேலறைகளுக்கு நடுவிலுள்ள சுவரைத் துளைத்து, இடது பக்கம் இறங்கி, இரண்டு இதழ்களையும் நடுவில் சேர்த்துக் கவ்வுகிறது கிளிப். திறந்த அறுவையில் இத்தாலிய மருத்துவர் அல்ஃபியேரி போட்ட தையலின் யோசனைதான் இது. நெஞ்சைத் திறக்காமல், இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போதே செய்கிறார்கள். பிடி சரியில்லை என்றால், விடுவிப்பதற்கு முன் கழற்றி மறுபடி கவ்வவைக்கலாம். அம்மாவுக்கு முதல் பிடி அப்படித்தான் மாற்றப்பட்டது. முன்னும் பின்னும் எடுத்த படத்தை டாக்டர் காட்டினார்: மேலறை முழுக்கப் பீறிட்ட, கசியும் ரத்தத்தைக் காட்டும் நிறம், ஒரு நூலாக ஒடுங்கியிருந்தது. கொஞ்சம் கசிவு மிச்சம் உண்டு, மருந்தும் தொடரும்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தோம். கிளம்பும்போது நர்ஸ் சொன்னதை நான் பெரிதாக மதிக்கிறேன்: தினமும் காலையில் வெறும் வயிற்றில் எடை பார்த்து எழுதுங்கள், சில நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடனே கூப்பிடுங்கள், பல் வைத்தியத்துக்குப் போகுமுன் எங்களைக் கேளுங்கள்.

அந்த நோட்டின் படம் தினமும் எனக்கு வருகிறது. இன்று 200 கிராம் கூடியிருந்தது. நாளையும் பார்க்கும்படி அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன்.