வெளித்தட்டில் ஒரு முழுக் கணினி: ஆறு வருடக் குளோன் அனுபவம்

முல்லைத்தீவு மாவட்டத்துப் புதுக்குடியிருப்பில் நான் வைத்திருப்பது சின்னக் கடை. போட்டோக்கொப்பி, ரைப் அடித்தல், ஸ்கான், விண்ணப்பப் படிவம் நிரப்புதல், அதோடு 31ஆம் நாள் கல்வெட்டு (இறந்தவர் நினைவாக வெளியிடும் சின்னப் புத்தகம்) அடித்துக் கொடுத்தல். கடையின் சீவியம் முழுவதும் ஒரு லப்டொப்புக்குள் இருக்கிறது. அந்த லப்டொப்பின் உள் வன்தட்டை அப்படியே இன்னொரு தட்டுக்குக் குளோன் எடுத்து வெளியே வைக்கும் பழக்கத்தை 2019 பெப்ரவரியில் தொடங்கினேன். இந்த ஆறு வருடத்துக்கு மேற்பட்ட காலத்தில் ஒரு தடவை அது கடையைக் காப்பாற்றியது. வேறு சில தடவைகள் நான் நினைத்தபடி நடக்கவில்லை. எல்லாவற்றையும் எழுதுகிறேன், எங்கள் பக்கத்தில் இதே தொழில் செய்பவர்களுக்கு உதவும்.

தொடங்கக் காரணம் ஒரு இழப்பு. 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு இரண்டு மாவட்டத்திலும் வெள்ளம். இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்துவிடப்பட்டு ஊர்கள் மூழ்கின. அடுத்த மாதம் முழுவதும் கடையில் சனம்: நனைந்த அடையாள அட்டைக்கு விண்ணப்பம், பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி, நிவாரணப் படிவம். அந்த நெருக்கடிக்குள்தான் பழைய 500 ஜிபி ஹார்ட்டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட்டு நின்றது. வாடிக்கையாளர் கோப்புகளைப் பென்ட்ரைவில் எடுத்து வைத்திருந்தேன், அவை தப்பின. ஆனாலும் கடை மூன்று நாள் பூட்டு.

கோப்பு இருந்தும் ஏன் மூன்று நாள் போனது என்று கேட்பீர்கள். வின்டோஸ் திரும்பப் போடவேண்டும். இரண்டு பிறின்டருக்கும் ஸ்கானருக்கும் டிரைவர் (கருவியைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருள்) தேடவேண்டும், அதுவும் போன் டேட்டாவில். பிறகு பாமினி. பழைய கல்வெட்டுகள், சங்கக் கடிதங்கள் எல்லாம் பாமினி எழுத்துருவிலும் அதன் குடும்பத்து எழுத்துருக்களிலும் இருக்கின்றன. அது யூனிகோட் அல்ல. அந்த எழுத்துரு கணினியில் இல்லாவிட்டால் தமிழ்க் கடிதம் ஆங்கில எழுத்தும் குறியுமாகத்தான் தெரியும். பத்து வருடமாக ஒவ்வொன்றாகச் சேர்த்த எழுத்துருக்கள், படிவ மாதிரிகள், தாள் அளவு, ஓர இடைவெளி அமைப்புகள் எல்லாவற்றையும் நினைவிலிருந்து தேடி எடுத்துத் திரும்ப அடுக்கவேண்டியிருந்தது. கோப்பை மட்டும் காப்பாற்றினால் போதாது, கணினியையே காப்பாற்றவேண்டும் என்று அப்போதுதான் விளங்கியது.

நான் பாவிப்பது குளோன்சில்லா. தாய்வானின் உயர்திறன் கணினி மையத்தில் உருவான இலவச மென்பொருள். வின்டோஸுக்குள் வைத்தே குளோன் எடுக்கும் மென்பொருட்களும் உண்டு. மக்ரியம் ரிஃப்ளெக்டின் இலவசப் பதிப்பை முதலில் கொஞ்சக் காலம் வைத்திருந்தேன், திரை அழகு, பழகுவது சுகம். அந்த இலவசப் பதிப்புக்கான ஆதரவு 2024 தொடக்கத்தோடு நின்றது. குளோன்சில்லாவோ ஒரு பென்ட்ரைவில் எழுதிவைத்தால் எந்தக் கணினியிலும் அதிலிருந்தே எழும்பும், இணையம் தேவையில்லை. நீலமும் சாம்பலுமான பழைய காலத்துத் திரை, மவுஸ் வேலை செய்யாது, எல்லாம் அம்புக்குறி விசையால். முதல் நாள் பயமாக இருக்கும். மூன்றாம் தடவை கண்ணை மூடிக்கொண்டு செய்வீர்கள்.

ஆனால் ஒரு இடத்தில் கண்ணை மூடவே கூடாது. எந்தத் தட்டிலிருந்து, எந்தத் தட்டுக்கு என்று கேட்கும் இடம் அது. மாறிக் கொடுத்தால் வெற்றுத் தட்டு உங்கள் வேலைத் தட்டின் மேல் எழுதப்படும், அதற்குப் பிறகு ஒன்றும் மிஞ்சாது. இரண்டும் ஒரே அளவு என்றால் திரையில் ஒன்றுபோலவே தெரியும். நான் ஒவ்வொரு தட்டின் மேலும் வெள்ளைப் பிளாஸ்டர் ஒட்டி, அதன் தொடரிலக்கத்தின் கடைசி நான்கு எழுத்தைப் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன். குளோன்சில்லா தொடரிலக்கத்தைக் காட்டும். இரண்டு தடவை "சரிதானா" என்று கேட்கும்போது, கையில் உள்ள தட்டையும் திரையையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் அழுத்துவேன். மகள் பக்கத்தில் நின்று கதை கேட்டாலும் அந்த ஒரு நிமிடம் பதில் சொல்வதில்லை.

இன்னொன்று, வின்டோஸைச் சும்மா மூடினால் அது முழுதாக மூடாது. விரைவாக எழும்புவதற்காகப் பாதித் தூக்கத்தில் நிற்கும், அந்த நிலையில் உள்ள தட்டைக் குளோன் எடுக்கக் குளோன்சில்லா மறுக்கும். ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு மூடுங்கள், அல்லது அந்த விரைவுத் தொடக்க அமைப்பையே நிறுத்திவிடுங்கள்.

அளவு விஷயத்தில் நான் பட்டது: உள்ளே இருந்தது 256 ஜிபி எஸ்எஸ்டி, அதாவது சுழலும் பாகம் இல்லாத சிப் தட்டு. கிளிநொச்சியில் 240 ஜிபி தட்டு கையில் கிடைத்தது, உள்ளே பாதிகூட நிரம்பவில்லையே, போதும் என்று வாங்கிவந்தேன். ஏறாது. நிரம்பிய அளவு எவ்வளவானாலும் வழக்கமான முறையில் ஏற்கும் தட்டு மூலத் தட்டுக்குச் சமமாகவோ பெரிதாகவோ இருக்கவேண்டும். கிளிநொச்சி வரை பஸ்ஸில் போய்த் திரும்பிய காசு போனது. பிறகு ஒரே அளவில் இரண்டு 480 ஜிபி வாங்கினேன், ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. என்னிடம் உள்ளது ஏறத்தாழ 130 ஜிபி தரவு. குளோன்சில்லா எழுதப்பட்ட பகுதியை மட்டும் எடுப்பதால், நீல நிற யூஎஸ்பி துளையில் செருகினால் 25 நிமிடத்தில் முடியும். பழைய கறுப்புத் துளையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போகும்.

இனி, பலரும் தெரியாமல் ஏமாறும் இடத்துக்கு வருகிறேன். குளோன் எடுத்த தட்டை யூஎஸ்பியில் செருகி அதிலிருந்தே வின்டோஸை எழுப்பிவிடலாம் என்று நானும் நினைத்தேன். முதல் சோதனையில் நீலத்திரைதான் வந்தது, தொடக்கத் தட்டை எட்டமுடியவில்லை என்று. காரணம் எளிது. உள் தட்டில் பதிந்த வின்டோஸ், எழும்பும் முதல் கணங்களில் உள் தட்டுக்கான டிரைவரையே ஏற்றுகிறது, அந்த நேரத்தில் யூஎஸ்பி வழி அதற்குத் தயாராக இல்லை. வெளித்தட்டிலிருந்து ஓடுவதற்கென்றே வின்டோஸ் ரு கோ என்ற வசதி 2012இல் வின்டோஸ் 8இன் நிறுவனப் பதிப்போடு வந்தது, 2020இல் நீக்கப்பட்டது. ரூஃபஸ் மென்பொருளால் இப்போதும் அப்படி ஒன்றைச் செய்யலாம், ஆனால் அது புதிதாகப் பதிந்த வெறும் வின்டோஸ். உங்கள் பாமினியும் பிறின்டரும் அதில் இராது.

சரி, அப்படியானால் குளோன் வீணா? இல்லை. தட்டை யூஎஸ்பி உறையிலிருந்து கழற்றி லப்டொப்புக்குள் பூட்டுங்கள், ஒன்றும் நடக்காததுபோல எழும்பும். அதனால் நான் முழுதாக ஒட்டி மூடிய வெளித்தட்டு வாங்குவதில்லை. லப்டொப்புக்குள் போகக்கூடிய சாதாரண 2.5 அங்குலத் தட்டும், திறந்து மூடும் உறையும் தனித்தனியாக வாங்குகிறேன். கூடவே ஒரு சின்னத் திருப்புளி.

லினக்ஸ் கதை வேறு. படிவம் ஸ்கான் செய்ய வைத்திருக்கும் இரண்டாவது பழைய கணினியில் வின்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம். அதன் குளோன் யூஎஸ்பியிலிருந்தே எழும்புகிறது, எஃப்12 அழுத்தித் தெரிவு செய்தால் போதும். ஆனால் அதிலும் ஒரு சிக்கல் பட்டேன். குளோன் என்றால் தட்டின் அடையாள இலக்கம்கூட ஒன்றேதான். ஒரு நாள் குளோனைக் கழற்ற மறந்து கணினியைப் போட்டேன். இரண்டு தட்டும் ஒரே பெயரில் நின்றதால் அது வெளித்தட்டை எடுத்துக்கொண்டது. பாதி நாள் ஸ்கான் வேலை குளோனுக்குள் போய்விட்டது, பின்னேரம் தேடிக் களைத்துத்தான் கண்டுபிடித்தேன். குளோன் முடிந்தவுடன் கேபிளைக் கழற்றுங்கள். திரும்ப எழுப்புவதற்கு முன்னரே.

2023 ஒக்டோபர். சனிக்கிழமை ஒரு வீட்டில் அந்தியேட்டி (31ஆம் நாள் கிரியை), 28 பக்கக் கல்வெட்டு என்னிடம். இறந்தவர் கடற்றொழிலாளி. 2009இல் இடம்பெயர்ந்து போகையில் அந்தக் குடும்பத்தின் அல்பம் எல்லாம் போய்விட்டது. அவருடைய படம் என்று மிஞ்சியது சங்க அட்டையில் ஒட்டிய முத்திரையளவு படம் ஒன்றுதான். அதை ஸ்கான் செய்து, அட்டை மடிந்த கோட்டையும் உப்புக்கறையையும் நீக்கி முகப்புக்கு ஏற்றதாக்க எனக்கு நான்கு மணித்தியாலம் எடுத்தது. வியாழன் காலை கடை திறந்தால் லப்டொப் கறுப்புத் திரை. உள்ளே தட்டே இல்லை என்கிறது. எஸ்எஸ்டி பழைய ஹார்ட்டிஸ்க் போலச் சத்தம் போட்டு எச்சரிக்காது, நேற்று இருந்தது இன்றைக்கு இல்லை.

ஞாயிறு எடுத்த குளோன் வீட்டில். மோட்டார் சைக்கிளில் போய் எடுத்துவந்து, அடி மூடியின் திருகாணிகளைக் கழற்றி, தட்டை மாற்றிப் பூட்டினேன். திரையில் அதே பின்னணிப் படம், அதே கோப்புறைகள். பிறின்டர் உடனே பிடித்தது, பாமினி எழுத்து எழுத்தாகவே நின்றது. வின்டோஸ் உரிமம் தாய்ப்பலகையோடு பிணைந்தது என்பதால் தட்டு மாறியதை அது கேட்கவும் இல்லை. திங்கள் முதல் புதன் வரை செய்த திருத்தங்கள் ஒவ்வொரு பின்னேரமும் பென்ட்ரைவில் எடுத்தபடி இருந்தன, அவற்றைத் திரும்பப் போட்டேன். பத்தரை மணிக்கு அந்த வீட்டு அம்மா வந்தார்.

"தம்பி, படம் ஒருக்கா காட்டுங்கோ, மூத்தவள் பாக்கவேணுமெண்டு கனடாவிலயிருந்து கேக்கிறாள்."

காட்டினேன். காலையில் நடந்ததை அவருக்குச் சொல்லவில்லை.

அந்த நிகழ்வுக்குப் பிறகு முறையை இன்னும் இறுக்கினேன். ஒரே ஒரு குளோன் தட்டு போதாது. புதிய குளோன் எழுதப்படும் அந்த 25 நிமிடமும் பழைய குளோன் அழிந்திருக்கும். அந்த நேரம் பார்த்து உள் தட்டு செத்தால் கையில் ஒன்றும் இல்லை. மூன்றாவது தட்டை 2022இலேயே வாங்கப் போனேன். ரூபா சரிந்திருந்த காலம், விலை கேட்டுத் திரும்பி வந்தேன். 2023 முடிவில்தான், செத்த தட்டுக்குப் பதில் ஒன்றோடு சேர்த்து, அதையும் வாங்கினேன். இப்போது இரண்டு வெளித்தட்டும் கிழமைக்கொன்றாக மாறிமாறி. இதில் இன்னொரு நன்மையும் உண்டு. வாடிக்கையாளர் பென்ட்ரைவோடு ஷோர்ட்கட் வைரஸ் வரும். இந்த ஞாயிறு எடுத்த குளோன் அந்த வைரஸையும் சேர்த்தே எடுத்திருக்கும், போன ஞாயிற்றுத் தட்டு சுத்தமாக இருக்கும்.

ஆறு மாதத்துக்கு ஒருக்கா குளோனை உள்ளே பூட்டி அப்படியே விட்டுவிடுகிறேன். இதுவரை உள்ளே இருந்தது வெளித்தட்டாகிவிடும். எழும்புகிறதா என்று இதைவிட உறுதியாகச் சோதிக்க எனக்குத் தெரிந்து வழியில்லை. எழுப்பிப் பார்க்காத குளோனை நான் குளோன் என்று கணக்கில் எடுப்பதில்லை.

தட்டுகளைக் கடையில் வைப்பதில்லை. சித்திரையிலும் ஐப்பசியிலும் எங்கள் பக்கம் இடி மின்னல் பலம், லப்டொப்போடு சேர்ந்து குளோனும் ஒரே சுவரில் இருந்தால் என்ன பயன்? மகளின் பழைய பால்மா ரின் ஒன்றுக்குள், சப்பாத்துப் பெட்டியில் வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலத்தோடு வீட்டு அலுமாரியில் இருக்கின்றன. எஸ்எஸ்டியை வெக்கையில் மாதக்கணக்காக மின்சாரமில்லாமல் போட்டுவைப்பது நல்லதல்ல, அதில் உள்ள மின்னேற்றம் மெல்லக் கசியும். கிழமை மாறி மாறிப் பாவிப்பதால் அந்தப் பிரச்சினை எனக்கு இல்லை. மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை போன 2022இல்கூடக் குளோன் தவறவில்லை. பற்றரியை முதலில் நிரப்பிவிட்டுத்தான் தொடங்குவேன், வெளித்தட்டு யூஎஸ்பியிலிருந்தே மின்சாரம் எடுக்கும்.

வின்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்ததால் புதிய லப்டொப் ஒன்று வாங்கியிருக்கிறேன். அதற்கு என் பழைய தட்டும் உறையும் பொருந்தாது. உள்ளே இருப்பது சூயிங்கம் துண்டு போன்ற என்விஎம்ஈ தட்டு, அதற்கென்று வேறு உறை வேண்டும். தவிர, வாங்கிய நாளிலேயே தட்டு வின்டோஸின் பிட்லொக்கரால் பூட்டாக்கம் செய்யப்பட்டிருந்தது, அதாவது திறப்பு இல்லாமல் யாரும் வாசிக்கமுடியாதபடி. குளோன்சில்லாவால் அதற்குள் எது எழுதிய இடம், எது வெற்றிடம் என்று பிரிக்கமுடியாமல் 512 ஜிபியையும் வரிக்கு வரி எடுக்கிறது. 25 நிமிட வேலை இப்போது ஒரு காலைப்பொழுது. குளோனை உள்ளே பூட்டும்போது பிட்லொக்கர் மீட்புத் திறப்பு இலக்கத்தைக் கேட்கலாம், அந்த 48 இலக்கத்தையும் கடைக் கணக்குக் கொப்பியின் பின்னட்டையில் எழுதி, அதன் போட்டோக்கொப்பியை ரின்னுக்குள்ளும் வைத்திருக்கிறேன். சனத்தின் அடையாள அட்டையும் காணி உறுதியும் கிடக்கும் தட்டு, களவு போனால் யாரும் திறக்கக்கூடாது. அதனால் பூட்டாக்கத்தை நிறுத்த எனக்கு மனமில்லை, நேரம் போனால் போகட்டும்.

வருகிற ஞாயிறு ஒன்பது மணியிலிருந்து திருத்த வேலைக்காகக் கரண்ட் நிற்குமாம். ஐந்து மணிக்கே எழும்பித் தொடங்கவேண்டும்.