டெலவர் ஏஜென்ட் சேவையை மொத்தமாக வாங்கி விற்க நினைப்பவர்களுக்கு எச்சரிக்கை: 5,200 டாலர் போயிற்று

அமெரிக்காவில் நிறுவனம் தொடங்கும் வாடிக்கையாளர்களுக்கு ரெஜிஸ்டர்டு ஏஜென்ட் சேவையை மொத்த விலையில் வாங்கி, அதைத் தங்கள் பெயரில் பேக்கேஜாக விற்க நினைக்கும் வரி ஆலோசகர்களும் கணக்கர்களும் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். 'பார்ட்னர் திட்டம்' என்று சொல்லி இந்தச் சேவையை விற்கும் ஓர் இணையத்தளத்தால் எனக்கு 5,200 டாலர், நம் பணத்தில் ஏறக்குறைய நாலரை லட்சம் ரூபாய், நஷ்டமாகியிருக்கிறது. வழக்கறிஞர் நோட்டீஸ் தயாராகிக்கொண்டிருப்பதால் தளத்தின் பெயரை எழுதவில்லை. தனிச் செய்தியிலும் கேட்க வேண்டாம்.

கோவையில் சிறிய வரி ஆலோசனை அலுவலகம் நடத்துகிறேன். வெளிநாட்டுக்கு மென்பொருள் செய்து தருபவர்களும், திருப்பூரிலிருந்து இணையம் வழியாக ஆடை விற்பவர்களும் டெலவர் மாநிலத்தில் எல்எல்சி (உரிமையாளரின் பொறுப்பு வரம்புக்குட்பட்ட நிறுவனம்) வேண்டும் என்று வருகிறார்கள். அந்த மாநிலத்தில் பதிவாகும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அங்கேயே தெரு முகவரியுடன் ஓர் ஏஜென்ட் இருக்க வேண்டும். தபால் பெட்டி எண் செல்லாது. வழக்கு ஆவணம் வந்தாலும் மாநில அரசின் வரிக் கடிதம் வந்தாலும் அது போய்ச் சேரும் இடம் அந்த ஏஜென்ட்தான். சில்லறையில் இந்தச் சேவை ஆண்டுக்கு 50 டாலருக்கும் கிடைக்கும், 300 டாலருக்கும் கிடைக்கும்.

சென்ற 2024 ஆகஸ்டில் அந்தத் தளத்தின் விற்பனைப் பிரதிநிதி வீடியோ அழைப்பில் வந்தார். நான் ஆங்கிலத்தில் தொடங்க, அவர், "சார், தமிழ்லயே பேசலாம், எனக்குத் திருநெல்வேலி" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் பாதி வியாபாரம் முடிந்துவிட்டது என்பதை இப்போது எழுதும்போதும் வயிறு எரிகிறது. திரையைப் பகிர்ந்து, மூன்று பேக்கேஜ்களை வரிசையாகக் காட்டினார். மூன்றாவதாக இருந்த பார்ட்னர் பேக்கேஜில் எல்லாக் கட்டங்களிலும் பச்சை டிக்: ஆவணங்கள் வரம்பின்றி ஸ்கேன், ஆண்டு வரி கட்டும் பொறுப்பு, நினைவூட்டல். நாற்பது இடங்கள் (ஓர் இடத்துக்கு ஒரு நிறுவனம்), இடத்துக்கு 60 டாலர், மொத்தம் 2,400 டாலர் முன்பணம். மாநிலத்தின் வரிக் கடிதம் வந்தால் என்ன நடக்கும் என்று குறிப்பாகக் கேட்டேன். "வந்த அன்னைக்கே டாஷ்போர்டுல ஏறிடும் சார், கார்டுல எடுத்து நாங்களே கட்டிடுவோம்" என்றார். அன்று மாலையே பணம் அனுப்பினேன்.

அதை வைத்துத்தான் என் விலையை அமைத்தேன். 60 டாலர் அன்றைய மதிப்பில் சுமார் 5,000 ரூபாய். அதன்மேல் என் அலுவலக வேலையைச் சேர்த்து ஆண்டுக்கு 9,500 ரூபாய் என்று வைத்தேன். டெலவர் எல்எல்சிக்கான 300 டாலர் ஆண்டு வரியை என் பேக்கேஜுக்குள் கலக்காமல், மாநிலத்துக்குப் போகும் பணம் என்று விலைப்பட்டியலில் தனி வரிசையில் காட்டினேன். சேவைக் கட்டணத்தையும் அரசுக் கட்டணத்தையும் ஒரே தொகையாகச் சொல்லி வாடிக்கையாளரைக் குழப்புவது எனக்குப் பிடிக்காது. அடுத்த சில மாதங்களில் பதினான்கு நிறுவனங்கள் பதிவாயின.

டெலவரில் எல்எல்சிகளுக்கு ஆண்டு அறிக்கை கிடையாது. ஆனால் ஜூன் 1க்குள் வரி கட்டியாக வேண்டும். ஏப்ரலிலேயே தளத்துக்கு எழுதினேன். கடிதம் இன்னும் வரவில்லை, வந்ததும் கட்டப்படும் என்று பதில். மே மாதம் மறுபடி எழுதியதற்கு உங்கள் கோரிக்கை பதிவாகியுள்ளது என்று பதில். டாஷ்போர்டில் பதினான்கு நிறுவனங்களுக்கும் பச்சை விளக்கு. ஜூலையில் ஒரு திருப்பூர் வாடிக்கையாளரிடம் அவருடைய வங்கி, நிறுவனம் நல்ல நிலையில் இருப்பதாக மாநிலம் தரும் நற்சான்றைக் கேட்டது. விண்ணப்பித்தால், வரி நிலுவை, நிறுவனம் நல்ல நிலையில் இல்லை என்று மாநிலத்திடமிருந்து பதில் வந்தது. மற்ற பதின்மூன்றையும் பார்த்தேன், அத்தனையும் அப்படியே. நிறுவனத்துக்கு 200 டாலர் அபராதம், அதோடு வரிக்கும் அபராதத்துக்கும் மாதம் 1.5 சதவீதம் வட்டி. அபராதம் மட்டும் 2,800 டாலர். வாடிக்கையாளர்கள் தலையில் அதைக் கட்ட முடியுமா? நானே கட்டினேன்.

இதற்குத் தளம் சொன்ன விளக்கத்தைக் கேளுங்கள். வரிக் கடிதங்கள் எல்லாம் உரிய நேரத்தில் வந்திருக்கின்றன. ஆனால் அவர்கள் அகராதியில் 'ஆவணம்' என்றால் நீதிமன்ற ஆவணம் மட்டுமாம். மாநில வரிக் கடிதம் 'இதர தபால்' வகையாம். அதைத் திறந்து ஸ்கேன் செய்ய ஒன்றுக்கு 15 டாலர் கட்டணமுள்ள துணைச் சேவையை நான் தேர்வு செய்திருக்க வேண்டுமாம். ஒழுங்கான ஏஜென்ட்கள் அரசுக் கடிதத்தைக் கூடுதல் கட்டணமின்றி அனுப்பிவிடுவார்கள், அதற்காகத்தானே ஏஜென்ட்! திருநெல்வேலிக்காரருக்கு அழைத்தால் அவர் வேறு பிரிவுக்கு மாறிவிட்டார் என்றார்கள். சாட்டில் ஒவ்வொரு முறையும் புதிய ஆள் வந்து, பிரச்சினையை முதலிலிருந்து சொல்லச் சொல்கிறார். மாநிலத்தின் இணையத் தேடலில் பார்த்தபோது, பதிவில் ஏஜென்டாக இருப்பது இந்தத் தளமே அல்ல, வேறொரு நிறுவனம் என்று தெரிந்தது. அங்கே கேட்டால், எங்கள் வாடிக்கையாளர் அந்தத் தளம்தான், நீங்கள் அல்ல என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார்கள்.

இந்தக் கூத்துக்கு நடுவில் ஆகஸ்டு வந்தது. ஓராண்டுக் காலம் நிறுவனம் பதிவான நாளிலிருந்து அல்ல, நான் 2,400 டாலர் கட்டிய நாளிலிருந்து ஓடுகிறதாம். பயன்படுத்தாத இருபத்தாறு இடங்களும் காலாவதி. பயன்படுத்திய பதினான்கும், ஏஜென்ட் சேவை ஓராண்டு முடியாமலே, ஒன்றுக்கு 149 டாலர் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். வேறு ஏஜென்டிடம் போனால் நிறுவனத்துக்கு 99 டாலர் வெளியேற்றக் கட்டணம். கட்டாவிட்டால் ஏஜென்ட் பொறுப்பிலிருந்து விலகல் தாக்கல் செய்வோம் என்று மின்னஞ்சல். டெலவர் சட்டப்படி விலகல் தாக்கலான 30 நாளுக்குள் புதிய ஏஜென்டை நியமிக்காவிட்டால் நிறுவனத்தின் பதிவே ரத்தாகும். அது அவர்களுக்குத் தெரியும். தெரிந்துதான் அந்த மின்னஞ்சல். அதே வாரத்தில், நிறுவனத்தின் உண்மையான உரிமையாளர் யார் என்று அமெரிக்க அரசுக்குச் சொல்லும் உரிமையாளர் விவர அறிக்கை தாக்கல் என்று இன்னொரு பேக்கேஜையும் விற்கப் பார்த்தார்கள். அமெரிக்காவில் பதிவான நிறுவனங்களுக்கு அந்த அறிக்கையிலிருந்து 2025 மார்ச்சிலேயே விலக்கு கொடுத்தாகிவிட்டது. கட்டாயமாக இருந்த காலத்திலும் அரசுத் தளத்தில் அதற்குக் கட்டணம் இல்லை.

முன்பணம் 2,400, அபராதம் 2,800, ஆக 5,200 டாலர், வட்டி தனி. வங்கியில் புகார் கொடுத்தால், சேவை வழங்கப்பட்டதாக வணிகர் சான்று காட்டியுள்ளார் என்று மூடிவிட்டார்கள்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது இவ்வளவுதான் முடிகிறது. ஆவணம் என்பதில் மாநில வரிக் கடிதம் அடங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். ஓராண்டு எந்த நாளில் தொடங்குகிறது, இரண்டாம் ஆண்டு விலை என்ன என்று தெரியாமல் உங்கள் விலையை வாடிக்கையாளரிடம் சொல்லாதீர்கள். மொத்தமாக முன்பணம் கட்ட வேண்டாம். டெலவர் ஆண்டு வரியை மாநிலத்தின் தளத்திலேயே நேரடியாகக் கட்டலாம், ஏஜென்ட் தேவையில்லை. மாற்றுவதற்குப் பழைய ஏஜென்டின் சம்மதமும் தேவையில்லை, வெளியேற்றக் கட்டணத்தைக் கண்டு பயப்படாதீர்கள்; ஆனால் நிலுவை வரியையும் அபராதத்தையும் முதலில் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் ஏஜென்ட் மாற்றச் சான்றை மாநிலம் ஏற்றுக்கொள்ளாது.